ஓடாத நிரலை அளந்த புரொஃபைலர்: சுங்கை சிப்புட் எடை மேடையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பேராக்கில் ஈப்போவுக்கு வடக்கே இருக்கும் சுங்கை சிப்புட் பால்மரத் தோட்டங்களால் வளர்ந்த ஊர். பால் வெட்டிய பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. குலை ஏற்றிய லோரி ஆலைக்குள் நுழையும்போது எடை மேடையில் ஒருமுறை ஏறும். குலைகளைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது இன்னொரு முறை ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிகர எடை. அதை அச்சடித்த எடைச் சீட்டு கையில் வந்தால்தான் ஓட்டுநர் வண்டியை நகர்த்துவார்.

இந்தச் சீட்டை அச்சிடும் நிரல் எங்களுடையது. கடைத்தெரு மாடியில் சில பேர் சேர்ந்து நடத்தும் சிறிய அலுவலகம். எடை மேடை அறையில் ஒரு சாதாரண லினக்ஸ் பெட்டியில் நிரல் ஓடுகிறது. லோரி வெளியேறும் நேரத்தில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (ஷெல் என்ற நிரல் வரிவரியாகப் படித்து ஓட்டும் கட்டளைக் கோப்பு) கிளம்பி, பேரேட்டில் எடையைப் பதிந்து, சீட்டைப் பிடிஎஃப் ஆக்கி, அச்சுப்பொறிக்கு அனுப்பும். ஆண்டின் பிற்பாதியில் விளைச்சல் கூடும் மாதங்களில் ஒரு சீட்டுக்குப் பத்து வினாடிக்கு மேல் ஆகிறது என்று ஆலையில் புகார் வந்தது.

பத்து வினாடி ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். வாசலில் வரிசை கட்டி நிற்கும் லோரிகளைப் பார்த்தவர் கேட்க மாட்டார். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வேகவைத்துவிட வேண்டும் என்பது ஆலைகளில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. தாமதமானால் பழத்தில் இருக்கும் நொதி எண்ணெயைச் சிதைத்து, கட்டற்ற கொழுப்பு அமிலத்தின் அளவை ஏற்றிவிடும். கச்சா பாமாயில் வணிகத்தில் அதற்கு வழக்கமான வரம்பு 5 விழுக்காடு. வாசலில் போகும் நிமிடம் அந்த 24 மணி நேரத்திலிருந்துதான் கழிகிறது.

சரி, நேரம் எங்கே போகிறது என்று பார்க்க எங்களிடம் ஒரு புரொஃபைலர் இருந்தது, அதாவது ஒரு நிரல் ஓடும்போது அதன் எந்தப் பகுதியில் எவ்வளவு நேரம் போகிறது என்று அளக்கும் கருவி. லினக்ஸின் பெர்ஃப் என்ற அளக்கும் கருவி இருக்கும்போது சொந்தக் கருவி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆலையில் உட்கார்ந்து பெர்ஃப் அறிக்கையைப் படிக்க ஆள் கிடையாது. குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் மூலம் இரவில் தானாக ஓடி, முந்தைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட்டு நாலு வரி எழுதும் ஒன்றுதான் தேவைப்பட்டது. அதற்காக அலுவலகத்தில் முன்பு ஒருவர் சி மொழியில் எழுதி வைத்த சிறு கருவி அது. உள்ளே பெர்ஃப் பயன்படுத்தும் அதே பெர்ஃப்-ஈவன்ட்-ஓப்பன் சிஸ்டம் கால்தான், அதாவது லினக்ஸின் மையமான கெர்னலிடம் நிரல் விடுக்கும் அழைப்பு. கருவி, கொடுத்த கட்டளையைக் கிளப்பும், முடியும்வரை சாம்பிள் (அந்தக் கணத்தில் நிரலின் எந்தத் துண்டு ஓடுகிறது என்ற குறிப்பு) எடுக்கும், அறிக்கை எழுதும்.

அறிக்கை சொன்னதும் வாசல் சொன்னதும்

தீபாவளிக்கு முந்திய வாரம் சீட்டு நிரலின் புதிய பதிப்பு ஒன்று போனது. மறுநாள் காலை அறிக்கையில் பத்து வினாடி சில மில்லிவினாடிகளாகச் சுருங்கியிருந்தது. அலுவலகத்தில் இளையவரான தங்கச்சி எழுதிய பேரேட்டுத் திருத்தம் அந்தப் பதிப்பில் இருந்தது. எல்லோரும் அவளைப் பாராட்டிக்கொண்டிருக்கும்போதே எடை மேடைக் கிராணியிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, என்னமோ சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்க. இங்க லோரி இன்னும் வாசல்லதான் நிக்குது."

"சீட்டு வருதாண்ணே?"

"வருது, வருது. எப்பவும்போல மெதுவா வருது."

சீட்டு வருகிறது, ஆனால் பழைய வேகத்தில். புரொஃபைலரோ ஆயிரம் மடங்கு வேகம் என்கிறது. இரண்டில் ஒன்று பொய். கிராணிக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

அறிக்கையை நிதானமாகப் படித்ததும் முதல் துப்பு கிடைத்தது. நேரம் அதிகம் எடுத்த ஃபங்ஷன்கள் (நிரலின் பெயரிட்ட துண்டுகள்) என்ற பட்டியலில் சீட்டு நிரலின் பெயர் ஒன்றுகூட இல்லை. பிடிஎஃப் இல்லை, பேரேடு இல்லை. இருந்ததெல்லாம் புரொஃபைலரின் சொந்த ஃபங்ஷன் பெயர்கள்: கட்டளையின் பாதையைத் தேடுவது, லாக் எழுதுவது, பிழைச் செய்தியை வடிவமைப்பது. வெற்று மேடையில் கிராணி தானே ஏறி நின்று, அந்த எடையை லோரியின் பெயரில் எழுதிக்கொண்டதற்குச் சமம் அது.

இரண்டாவது துப்பு இன்னும் சின்னது. அறிக்கைக் கோப்பின் தலைப்பு வரிகள் இரண்டு முறை அச்சாகியிருந்தன. அதே கருவியை டெர்மினலில் கையால் ஓட்டினால் ஒருமுறைதான் வரும். யுனிக்ஸில் கொஞ்ச நாள் அடிபட்டவருக்கு இந்த இரட்டிப்பு உடனே ஒன்றைச் சொல்லும். வெளியீடு டெர்மினலுக்குப் போகும்போது சி நூலகம் வரிக்கு வரி வெளியே தள்ளிவிடும். கோப்புக்குப் போகும்போது பஃபர் என்ற தற்காலிக இடத்தில் சேர்த்து வைக்கும். அப்படிச் சேர்ந்திருக்கும் நேரத்தில் ஃபோர்க் செய்தால், அதாவது ஓடும் நிரல் (புரோசஸ்) தன்னையே நகலெடுத்து ஒரு பிள்ளையை உண்டாக்கினால், பஃபரும் நகலாகிறது. பிள்ளை புரோசஸ் சாதாரண எக்ஸிட் வழியாக வெளியேறினால் தன் நகலை அதுவும் கோப்பில் கொட்டிவிடும். பஃபரைக் கொட்டாமல் வெளியேறும், அடிக்கோடு போட்ட எக்ஸிட் (_exit) ஒன்று தனியாக இருப்பதே இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான்.

ஆக, பிள்ளை புரோசஸ் எக்ஸிட் வரை போயிருக்கிறது. அதாவது பிள்ளையைப் புதிய நிரலாக மாற்றும் எக்ஸெக் என்ற அழைப்பு நடக்கவில்லை. எக்ஸெக் வெற்றி பெற்றால் அந்த வரிக்குக் கீழே இருக்கும் எதுவும் ஓடாது, புரோசஸின் உடம்பே மாறிவிடும். அது தோற்றதால் புரொஃபைலரின் நகலே பிழைச் செய்தி எழுதிவிட்டு இறந்தது. பிழைச் செய்தியைக் கிரான் வரி எங்கோ தூக்கிப் போட்டுவிட்டது. தாய் புரோசஸுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பிள்ளை முடிந்துவிட்டது, இத்தனை மில்லிவினாடி ஆனது. எதனால் முடிந்தது என்று அது கேட்கவே இல்லை.

எக்ஸெக் ஏன் தோற்றது

இது தனிக் கதை. சொல்லாமல் விட மனமில்லை, ஏனென்றால் தமிழில் எதையாவது எழுதும் எந்த நிரலாளருக்கும் இது நடக்கலாம்.

புதிய பதிப்பு ஆலைக்குப் போன அன்றே, சீட்டின் அடியில் ஒரு தீபாவளி வாழ்த்து வரி வேண்டும் என்று அங்கே ஆசைப்பட்டிருக்கிறார்கள். வாழ்த்து வரி ஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. ஆலை அலுவலக விண்டோஸ் கணினியில் அதைத் திறந்து, தமிழில் ஒரு வரி சேர்த்து, சேமிக்கும்போது தமிழ் எழுத்துகளைத் தாங்கும் யுடிஎஃப்-8 குறிமுறை என்று தேர்ந்திருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த எடிட்டர் கோப்பின் தலையில் பைட் வரிசைக் குறி என்ற மூன்று பைட்டுகளையும் சேர்த்துவிட்டது. எண்களில் 239, 187, 191. திரையில் எதுவும் தெரியாது.

லினக்ஸ் கெர்னல் ஒரு கோப்பை ஸ்கிரிப்ட் என்று அடையாளம் காண்பது முதல் இரண்டு பைட்டுகளை வைத்து. அவை #! என்று இருக்க வேண்டும். முன்னால் மூன்று பைட் ஒட்டியிருந்தால் அந்தக் கோப்பு அதற்கு ஸ்கிரிப்டும் இல்லை, பைனரியும் இல்லை. இந்த வடிவம் எனக்குப் புரியவில்லை என்ற பிழையோடு எக்ஸெக் திரும்பிவிடும்.

அப்படியானால் வாசலில் சீட்டு எப்படி வந்தது? அங்கே ஸ்கிரிப்டை நேரடியாகக் கிளப்புவதில்லை. ஷெல்லின் பெயரைச் சொல்லி, ஸ்கிரிப்டை அதற்கு வாதமாக (கட்டளையோடு தரும் உள்ளீடாக) கொடுக்கிறார்கள். ஷெல் முதல் வரியைப் படித்து, இப்படி ஒரு கட்டளை கிடையாது என்று முனகிவிட்டு, அடுத்த வரியிலிருந்து ஒழுங்காக ஓட்டிவிடும். டெர்மினலில் நேரடியாகப் பெயரைத் தட்டினாலும் ஏறக்குறைய அப்படித்தான்: எக்ஸெக் தோற்றதைப் பார்த்த பேஷ் என்ற ஷெல், இது ஷெல் ஸ்கிரிப்டாக இருக்கும் என்று ஊகித்துத் தானே ஓட்டும். பாதையைத் தேடித்தரும் எக்ஸெக்-விபி ஃபங்ஷனும் இதே சலுகையைத் தருகிறது. எங்கள் கருவி பாதையைத் தானே தேடிவிட்டு எக்ஸெக்-விஇ என்ற அடிப்படை அழைப்பை நேராகக் கூப்பிடுகிறது. அதில் சலுகை கிடையாது. வாசலில் ஓடியதும், கையால் சோதித்தபோது ஓடியதும், கிரானில் எங்கள் கருவியின் கீழ் மட்டும் ஓடாததும் இதனால்தான்.

பெர்ஃப் கருவி எக்ஸெக்-விபியைத்தான் பயன்படுத்துகிறது. அதை வைத்து அளந்திருந்தால் இந்தச் சிக்கல் வெளியே தெரிந்தே இருக்காது. அது நல்லதா கெட்டதா என்று அலுவலகத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது.

கிளப்பும் வரிசை

இனி கருவிக்குள். பழைய வரிசை இப்படி: தாய் ஃபோர்க் செய்யும். பிள்ளை உடனே பாதையைத் தேடி எக்ஸெக் செய்ய ஓடும். அதே நேரத்தில் தாய், பிள்ளையின் எண்ணை வைத்து, அளவு எடுக்கும் கவுன்ட்டரைத் திறந்து உடனே ஓட விடும். இருவரில் யார் முந்துவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தாய் முந்தினால், எக்ஸெக்குக்கு முன்னால் பிள்ளை செய்த புரொஃபைலர் வேலையெல்லாம் நிரலின் கணக்கில் ஏறும். பிள்ளை முந்தினால், நிரலின் தொடக்கம் கணக்கில் வராது. அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. எந்த நூலகம் எந்த முகவரியில் ஏற்றப்பட்டது என்று கெர்னல் எழுதும் மேப் பதிவுகளும் தொடக்கத்தில்தான் வருகின்றன. அவற்றைத் தவறவிட்டால் சாம்பிளில் வரும் முகவரிகளுக்குப் பெயர் கிடைக்காது. சில நாள் அறிக்கைகளில் பாதி வரிகள் வெறும் பதினாறடிமான எண்களாக இருந்ததற்குக் காரணம் இதுதான். அதுவரை முகவரிகளுக்குப் பெயர் தரும் சிம்பல் கோப்பு விடுபட்டிருக்கும் என்று எண்ணி அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை இன்னும் வேகமாகச் செத்துப்போனால் கவுன்ட்டரே திறக்காது. அப்படி ஒரு புரோசஸ் இல்லை என்று கெர்னல் சொல்லும். கருவி அதை ஓர் எச்சரிக்கையாக எழுதிவிட்டு மேலே போகும்.

இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. பெர்ஃபின் மூல நிரலில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஃபோர்க் செய்வதற்கு முன் ஒரு பைப்பை, அதாவது ஒரு முனையில் எழுதியதை மறுமுனையில் படிக்கத் தரும் குழாயை, திறக்க வேண்டும். பிறந்த பிள்ளை அந்தப் பைப்பில் ஒரு பைட் வரும்வரை படித்தபடி காத்திருக்கும். தாய் இதற்குள் எல்லா கவுன்ட்டர்களையும் நிறுத்திய நிலையில், 'எக்ஸெக் ஆனதும் ஓடு' என்ற குறியோடு திறக்கும். எல்லாம் தயாரானதும் ஒரு பைட் எழுதும். பிள்ளை விழித்து எக்ஸெக் செய்யும். கெர்னல் எக்ஸெக்கை நிறைவேற்றும் அந்தப் புள்ளியில்தான் கவுன்ட்டர் உயிர் பெறும். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

இந்த அமைப்பில் கைதவறக்கூடிய ஓர் இடம் உண்டு. பைப்புக்கு எழுதும் முனை, படிக்கும் முனை என்று இரண்டு இருக்கின்றன. ஃபோர்க்குக்குப் பிறகு இரண்டும் இரண்டு புரோசஸிலும் திறந்தபடி இருக்கும். பிள்ளை தன் பக்கத்து எழுதும் முனையை மூடாவிட்டால், தாய் இடையில் செத்தாலும் பிள்ளைக்குப் பைப் முடிந்ததாகத் தெரியாது. தானே எழுதுவதற்காகத் தானே காத்திருக்கும், காலம் முழுக்க. முனையை மூடியிருந்தால் தாய் செத்தவுடன் படிப்பு பூஜ்யமாகத் திரும்பும், பிள்ளை சத்தமில்லாமல் வெளியேறும்.

எக்ஸெக் தோற்றால் தாய்க்கு எப்படித் தெரியும்? பெர்ஃப் இதற்கு ஒரு சிக்னலை (புரோசஸுக்குத் தரும் சைகையை) அனுப்புகிறது: பிள்ளை பிழை எண்ணைச் சுமந்த யூஎஸ்ஆர்1 சிக்னலைத் தாய்க்கு எறியும். அதுவும் வேலை செய்யும். எங்களுக்கு இரண்டாவது ஒரு பைப் பிடித்திருந்தது. அதன் எழுதும் முனைக்கு 'எக்ஸெக் ஆனால் மூடு' என்ற குறி போட்டிருக்கும். எக்ஸெக் வெற்றி பெற்றால் முனை தானாக மூடும், தாய் பூஜ்யம் படிக்கும். தோற்றால் பிள்ளை பிழை எண்ணை எழுதும், தாய் அதைப் படிக்கும். சிக்னல் எப்போது வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை. படித்து முடித்தபிறகுதான் அடுத்த வரி. பழைய காலத்தில் இந்தக் குறியைப் போட பைப்பைத் திறந்தபின் தனி அழைப்பு தேவைப்பட்டது. இரண்டுக்கும் இடையில் இன்னொரு த்ரெட் (ஒரே புரோசஸுக்குள் இணையாக ஓடும் இழை) ஃபோர்க் செய்தால் முனை அந்தப் பிள்ளைக்கும் கசிந்துவிடும். லினக்ஸ் 2.6.27இல் வந்த பைப்2 திறக்கும்போதே குறியைப் போட்டுத் தருகிறது.

பூஜ்யம் படித்தால் வெற்றி என்று அப்படியே நம்பிவிடவும் கூடாது. பைட் வந்தபின் எக்ஸெக்குக்கு முன்னால் யாராவது பிள்ளையைக் கொன்றாலும் முனை மூடும், தாய் பூஜ்யமே படிக்கும். அதனால் இன்னொரு சாட்சி வைத்தோம். எக்ஸெக் நடக்கும்போது புரோசஸின் பெயர் மாறும். அந்தப் பெயர் மாற்றத்தைக் கெர்னல் சாம்பிள் பஃபரில் பதியும். அது எக்ஸெக்கால் வந்த மாற்றமா, நிரல் தானே வைத்துக்கொண்ட பெயரா என்று பிரித்துச் சொல்லும் ஒரு பிட்டும் லினக்ஸ் 3.16 முதல் உண்டு. அந்தப் பதிவு பஃபரில் இல்லையென்றால் இப்போது கருவி அறிக்கையே எழுதாது. கவுன்ட்டர் உயிரோடு இருந்த நேரம் பூஜ்யம் என்றாலும் எழுதாது. எக்ஸெக் தோற்றால் கவுன்ட்டர் உயிர் பெறுவதே இல்லை என்பதால் இரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும்.

போசிக்ஸ்-ஸ்பான் என்ற தயார் ஃபங்ஷன் இருக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு என்று தங்கச்சி கேட்டாள். பெரும்பாலான நிரல்களுக்கு அது நல்ல பதில். எக்ஸெக் தோற்றால் அந்தப் பிழையைத் தன் விடையாகவே திருப்பித் தரும். ஆனால் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியின் இன்றைய பதிப்பில் பிள்ளை எக்ஸெக் செய்து முடிக்கும்வரை தாயைத் தூங்க வைத்துவிடுகிறது. பிள்ளை பிறந்ததற்கும் எக்ஸெக்குக்கும் நடுவே கவுன்ட்டரை மாட்ட எங்களுக்கு இடைவெளி வேண்டும். அதில் அந்த இடைவெளி கிடையாது.

மூட்டை பிரித்ததும் வந்த மற்றவை

கிளப்பும் பகுதியைத் திறந்தவுடன் வரிசையாக மற்ற வியாதிகளும் வெளியே வந்தன. எல்லாமே ஒரே இடத்தில், ஃபோர்க்குக்கும் எக்ஸெக்குக்கும் நடுவே.

இரவில் எப்போதாவது கருவி உறைந்துபோய், காலையில் வந்து கொல்ல வேண்டியிருந்தது. லாக் எழுதத் தனி த்ரெட் ஒன்று கருவியில் இருக்கிறது. ஃபோர்க் செய்யும்போது, அழைத்த த்ரெட் மட்டும்தான் பிள்ளையில் உயிரோடு இருக்கும். மற்ற த்ரெட்கள் பிடித்திருந்த பூட்டுகள் பூட்டியபடியே நகலாகும், திறக்க ஆள் இருக்காது. லாக் த்ரெட் பூட்டைப் பிடித்திருந்த கணத்தில் ஃபோர்க் நடந்து, பிள்ளை தன் பங்குக்கு ஒரு லாக் வரி எழுதப் போனால் கதை அங்கேயே முடிந்தது. ஜிலிப்சி தன் நினைவக ஒதுக்கீட்டுப் பூட்டுகளை ஃபோர்க்கின்போது கவனித்துக்கொள்ளும். நாம் எழுதிய பூட்டு அதற்குத் தெரியாது. இப்போது பாதைத் தேடல், வாதங்கள், சூழல் மாறிகள் எல்லாம் ஃபோர்க்குக்கு முன்பே தயார். பிள்ளை செய்வது படிப்பது, சிக்னல்களைச் சரிசெய்வது, எக்ஸெக், தோற்றால் எழுதுவது, வெளியேறுவது. ஒரு பக்கம்கூட வராத நிரல்.

சிக்னல்தான் எதிர்த்திசையில் பொய் சொன்னது. முந்திய அறிக்கைகள் நிரலை உண்மையைவிட மெதுவானதாகக் காட்டியிருந்தன. எக்ஸெக் ஆகும்போது, நிரல் கையாளும் சிக்னல்கள் இயல்புநிலைக்குத் திரும்பும். ஆனால் புறக்கணி என்று வைத்தவை புறக்கணிப்பாகவே போகும், தடுத்து வைத்தவையும் தடுப்பாகவே போகும். புரொஃபைலர் தன் வசதிக்காகப் பைப் உடைந்த சிக்னலைப் புறக்கணித்திருந்தது. சீட்டு ஸ்கிரிப்டில் பேரேட்டைக் கொட்டும் நிரல் ஒன்றின் வெளியீட்டிலிருந்து முதல் சில வரிகளை மட்டும் எடுக்கும் இடம் உண்டு. வாசலில் ஓடும்போது, வரிகளை எடுத்தவர் பைப்பை மூடியதும் பேரேட்டு நிரல் அந்தச் சிக்னலால் சாகும். புரொஃபைலரின் கீழே சாகாது. எழுத முடியவில்லை என்ற பிழை திரும்பி வந்தும் அதைச் சட்டை செய்யாமல் பேரேடு முழுவதையும் கடைசி வரி வரை எழுதிக்கொண்டே இருந்தது. பைத்தானைப் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பைத்தானும் இதே சிக்னலைப் புறக்கணிக்கிறது, பிள்ளையைக் கிளப்பும் அதன் சப்புரோசஸ் தொகுதி அதனால்தான் எக்ஸெக்குக்கு முன் அதை மீட்டு வைக்கிறது. நாங்களும் இப்போது பிள்ளையில் தடுப்புகளைக் காலி செய்து, புறக்கணிப்புகளை இயல்புநிலைக்குத் திருப்பிவிட்டுத்தான் எக்ஸெக் செய்கிறோம்.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாய் எந்தப் பிள்ளை முடிந்தாலும் சரி என்று காத்திருந்தது. பழைய லாக்குகளைச் சுருக்கும் துணை நிரலும் தாய்க்குப் பிள்ளைதான். அது முடிந்ததை நிரல் முடிந்ததாக எண்ணிய அறிக்கைகள் சில இருந்தன. இப்போது குறிப்பிட்ட பிள்ளையை மட்டும் கேட்கிறது. அப்புறம், அச்சுப்பொறிக்கு அனுப்பும் வேலையை ஸ்கிரிப்ட் பின்னணியில் விட்டுவிட்டு முடிந்துவிடும். அனாதையான அந்தப் பேரப்பிள்ளை முதல் புரோசஸின் கைக்குப் போய்விடும், அதன் நேரம் கணக்கில் வராது. லினக்ஸ் 3.4 முதல் ஒரு புரோசஸ் தன்னைத் தத்தெடுப்பவராகப் பதிந்துகொள்ளலாம், பிரிந்த வாரிசுகள் அதனிடம் வந்து சேரும். கருவி அப்படிப் பதிந்துகொண்டு, பின்னணி வேலையைத் தனி வரியாகக் காட்டுகிறது. சீட்டு ஓட்டுநர் கைக்கு வருவதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்பதால் விட்டுவிடவில்லை, ஆனால் கூட்டாமல் பிரித்தே வைத்திருக்கிறோம்.

வாரிசுகளையும் சேர்த்து அளக்க விரும்புபவர்களுக்கு ஒரு குறிப்பு: வாரிசுக் குறியோடு, எல்லா சிபியுவுக்கும் பொதுவாக ஒரே கவுன்ட்டரைத் திறந்தால், அதன் சாம்பிள் பஃபரை மேப் செய்யக் கெர்னல் விடாது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பஃபரில் எழுத முண்டியடிப்பார்கள் என்பதுதான் காரணம். ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். மேனுவலில் இதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தே தாரிக் ஆறிவிடும்.

சலுகை கொடுக்கலாமா

வாக்குவாதத்துக்கு வருகிறேன். தங்கச்சியின் வாதம்: ஷெல்லும் எக்ஸெக்-விபியும் பெர்ஃபும் தரும் சலுகையை நாமும் கொடுத்துவிட்டால் என்ன? வடிவம் புரியவில்லை என்று வந்தால் ஷெல்லிடம் கொடுத்து ஓட்டிவிடலாம். ஆலையில் இருப்பவர்களுக்குப் பைட் வரிசைக் குறி பற்றிப் பாடம் எடுக்க முடியுமா?

நியாயம் இருக்கிறது. இருந்தாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டளைகளை ஓட்டித்தருவது ஷெல்லின் தொழில், எப்படியாவது ஓடினால் சரி. புரொஃபைலர் தான் ஓட்டியதைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டியது. கொடுத்த கட்டளை ஒன்று, ஓடியது இன்னொன்று என்றால் அந்த வேறுபாடு அறிக்கையில் தெரிய வேண்டும். முடிவாகச் சலுகை இல்லை. எக்ஸெக் தோற்றால் கருவி நின்றுவிடும், காரணத்தையும் கோப்பின் முதல் சில பைட்டுகளையும் எழுதும், ஷெல்களின் வழக்கப்படி கட்டளை கிடைக்கவில்லை என்றால் 127, கிடைத்தும் ஓட்ட முடியவில்லை என்றால் 126 என்று வெளியேறும். நிரல் சிக்னலால் செத்திருந்தால் 128உடன் சிக்னல் எண்ணைக் கூட்டிச் சொல்லும். கிரான் வரியும் அந்த எண்ணைப் பார்த்து, பூஜ்யம் அல்லாத எதற்கும் எங்களுக்குச் செய்தி அனுப்புகிறது.

அதோடு, வாசலில் ஷெல்லின் பெயரைச் சொல்லி ஓட்டுகிறார்கள் என்றால் புரொஃபைலருக்கும் அதே கட்டளை, எழுத்துக்கு எழுத்து. அளக்கும் வசதிக்காகக் கட்டளையைச் சுருக்கியதில்தான் இந்த வேறுபாடு நுழைந்தது. வாழ்த்து வரி இப்போது ஸ்கிரிப்டில் இல்லை. தனிக் கோப்பு ஒன்றிலிருந்து படிக்கப்படுகிறது, தலையில் மூன்று பைட் இருந்தால் நிரல் அவற்றைக் கழித்துக்கொள்ளும். பொங்கலுக்கு என்ன எழுதுவது என்பது கிராணியின் பாடு.

சோதனைகளில் எதை எழுதினோம் என்று விரித்துச் சொல்லத் தேவையில்லை. இல்லாத கோப்பு, ஓட்ட உரிமையில்லாத கோப்பு, கோப்புக்குப் பதில் கோப்புறை, மூன்று பைட் ஒட்டிய ஸ்கிரிப்ட், எக்ஸெக்குக்கு முன்னால் கொல்லப்படும் பிள்ளை, பாதியில் சாகும் தாய். கடைசி இரண்டுக்கு மட்டும் கருவிக்குள் வேண்டுமென்றே தூங்கும் ஓர் இடம் வைக்க வேண்டியிருந்தது. வெளியிலிருந்து அந்தக் கணத்தைக் குறிபார்ப்பது நடக்காத காரியம்.

பத்து வினாடி எங்கே இருந்தது

திருத்திய கருவியில் வந்த முதல் அறிக்கையிலேயே விடை இருந்தது. பேரேட்டில் போகும் நேரம் அற்பம். தங்கச்சியின் திருத்தம் நல்ல திருத்தம்தான், ஆனால் நோய் அங்கே இல்லை. நேரத்தின் பெரும்பகுதி பிடிஎஃப் ஆக்கும் கட்டத்தில், அதற்குள்ளும் எழுத்துருக்களைப் படிக்கும் ஃபான்ட்கான்ஃபிக் நூலகத்துக்குள் இருந்தது.

எந்த எழுத்துரு எந்த எழுத்துகளைத் தாங்கும் என்ற விவரத்தை ஃபான்ட்கான்ஃபிக் ஒருமுறை படித்து ஒரு கேஷ் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அந்தக் கேஷைப் பார்த்தாலே போதும். சீட்டு நிரலை ஓட்டும் பயனர் கணக்கிற்கு வீட்டுக் கோப்புறையே கிடையாது, கேஷ் எழுத வேறெங்கும் உரிமையும் இல்லை. எங்கள் எழுத்துருக்கள் நிரலுக்கென்று உள்ள தனிக் கோப்புறையில் இருந்தன. கணினியின் பொதுவான கேஷ் அந்தக் கோப்புறையைத் தொடவில்லை. யாரோ ஒரு காலத்தில் ஒரு முழு எழுத்துருத் தொகுப்பையே அதில் கொட்டியும் வைத்திருந்தார்கள். ஆக, ஒவ்வொரு லோரிக்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் அத்தனை எழுத்துருவையும் முதலிலிருந்து படித்து, எழுதி வைக்க இடமில்லாமல் மறந்துவிட்டு, அடுத்த லோரிக்கு மறுபடியும் படித்துக்கொண்டிருந்தது.

தேவையில்லாத எழுத்துருக்களை அகற்றிவிட்டு, அந்தப் பயனருக்கு ஒரு கேஷ் கோப்புறை கொடுத்து, பதிப்பு நிறுவும்போதே கேஷை உருவாக்கி வைத்தோம். ஓட்டுநர் மேடையிலிருந்து இறங்கிச் சன்னலுக்கு நடந்து வருவதற்குள் சீட்டு தயாராக இருக்கிறது. கிராணியிடமிருந்து அதைப் பற்றிப் போன் எதுவும் வரவில்லை. அவர் போன் செய்வது கெட்டுப்போனால் மட்டும்தான்.

மிச்சம் இருப்பது பழைய அறிக்கைகள். அவற்றை வைத்து முந்தைய பதிப்புகளைப் பற்றிச் சில முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. அழிக்கவில்லை. தலைப்பு இரட்டித்தவை, சொந்த ஃபங்ஷன் பெயர் வந்தவை, பெயரில்லா முகவரிகள் நிறைந்தவை எல்லாம் ஒதுக்கப்பட்டுவிட்டன. மற்றவற்றிலும் பேரேட்டுக் கட்டத்தின் எண்களை நம்புவதற்கில்லை, பைப் சிக்னல் அங்கே கைவைத்திருக்கிறது. ஆலையில் இன்னும் கையிருப்பில் இருக்கும் பழைய பதிப்புகளைப் புதிய கருவியில் மறுபடி ஓட்டி, பட்டியலை ஒவ்வொன்றாக மாற்றி வருகிறோம். லோரி வராத ஞாயிறுகளில் மட்டும்தான் அந்தப் பெட்டி கிடைக்கிறது.